பழைய வீட்டுக்குள் காற்றைச் சோதிப்பது: எதை, எந்த வரிசையில், எந்தக் கருவியால்?

#1 காரைச்சுவர்

"வீட்டுக்குள் காற்று எப்படி இருக்குன்னு பார்க்க நல்ல மானிட்டர் ஒன்று சொல்லுங்க" என்ற கேள்வி மாதத்துக்கு நாலு தடவை வருகிறது. கட்டி நாற்பது ஐம்பது வருஷம் தாண்டிய வீட்டுக்கு அந்தக் கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. அதனால்தான் இந்த இழை.

பழைய வீட்டில் சந்தேகப்பட வேண்டியவை இவை: எரிவாயு அல்லது விறகுச் சாதனத்தின் புகைக்குழாய் வழியாக உள்ளே திரும்பும் கார்பன் மோனாக்சைடு, சுவரில் ஏறும் ஓதமும் அதில் பிடிக்கும் பூஞ்சையும், பழைய பெயின்டில் உள்ள ஈயம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அல்லது குழாய்ச் சுற்று, தரை விரிசல் வழியாக வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயு. இதோடு வீட்டைப் புதுப்பிக்கும்போது கொண்டுவந்து வைத்த பலகைகளிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு. மேசை மேல் வைக்கும் சின்னப் பெட்டி இந்தப் பட்டியலில் ஒன்றைக்கூட உருப்படியாக அளக்காது. அது அளப்பது கார்பன் டை ஆக்சைடு, நுண்துகள், வெப்பம், ஈரப்பதம். அவையும் வேண்டியவைதான், ஆனால் கேள்வி வேறு.

என் வரிசை: இன்று ராத்திரியே ஆளைக் கொல்லக்கூடியது முதலில், அதாவது கார்பன் மோனாக்சைடு. அடுத்து ஓதம். பிறகு காற்று மாறும் வேகம், துகள். ரேடான், ஈயத் தூசி இரண்டும் தனித்தனி ஆய்வகச் சோதனை. ஆஸ்பெஸ்டாஸை உடைக்கவோ துளைக்கவோ போகிறீர்கள் என்றால் மட்டும். ஆவியாகும் வேதிப்பொருள்கள் கடைசி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

#2 மூணாம்மாடி

ஒரே பெட்டியில் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு), பிஎம் 2.5, பிஎம் 10 (2.5, 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள்), ஃபார்மால்டிஹைடு, டிவிஓசி (ஆவியாகும் வேதிப்பொருள்களின் மொத்தம்) என ஐந்து எண்ணும் காட்டுகிற கருவிகள் விற்கிறார்களே சார். ஐந்துமே பொய்யா?

#3 சென்சார்சித்தன்

ஐந்தும் இல்லை. எது என்ன சென்சார் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கார்பன் டை ஆக்சைடுக்கு என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் அளப்பது) அல்லது போட்டோஅக்கூஸ்டிக் (ஒளி பட்டு எழும் ஒலியால் அளப்பது) என்று போட்டிருந்தால் நிஜமாகவே அந்த வாயுவைத்தான் அளக்கிறது. "இசிஓ2" என்று ஒரு "இ" முன்னால் ஒட்டியிருந்தால் அது உலோக ஆக்சைடு சென்சார்; காற்றில் உள்ள ஆவிகளை முகர்ந்துவிட்டு "இவ்வளவு ஆவி இருந்தால் இவ்வளவு ஆள் இருப்பார்கள், ஆகவே இவ்வளவு சிஓ2" என்று ஊகம் போடுகிறது. சோதிக்க வழி சுலபம்: கை கழுவும் சானிட்டைசரைத் திறந்து அருகில் காட்டுங்கள். சிஓ2 எண் 2000, 3000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று துள்ளினால் உங்களிடம் இருப்பது ஊகப் பெட்டி.

பிஎம் 2.5 எண் லேசர் சிதறல் முறை. பரவாயில்லை ரகம். ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போனால் துகள் நீரை உறிஞ்சி ஊதிவிடும், எண் கூடுதலாகக் காட்டும். அதே பெட்டி காட்டும் பிஎம் 10 கிட்டத்தட்ட ஊகம்தான். பெரிய துகள்களை இந்தச் சின்ன விசிறி உள்ளே இழுப்பதே இல்லை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், பழைய வீட்டுக்கு இது முக்கியம்.

டிவிஓசி எண்ணை ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பார்க்கலாம். ஃபார்மால்டிஹைடு எண்ணை மலிவுப் பெட்டியில் பார்க்கவே வேண்டாம்; ஆல்கஹால் ஆவிக்கும் அது ஆடும்.

இன்னொன்று. என்டிஐஆர் பெட்டிகளில் தானியங்கி அடிக்கோட்டுத் திருத்தம் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் பார்த்த மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு அதை 400 என்று மாற்றிவிடும். எப்போதும் ஆள் இருக்கும், ஜன்னல் திறக்காத வீட்டில் குறைந்த அளவே 600 ஆக இருக்கலாம். அப்போது எல்லா எண்ணும் 200 குறைவாக வரும், திரையில் பச்சை விளக்கு எரியும். திருத்தத்தை அணைத்துவிட்டு, பெட்டியை வெளியே நிழலில் 20 முதல் 30 நிமிஷம் வைத்துக் கையால் அளவுத்திருத்தம் செய்யுங்கள். செய்யும்போது பக்கத்தில் நின்று மூச்சு விடாதீர்கள். பலர் அங்கேதான் கெடுக்கிறார்கள்.

#4 ஈரமானி

ஈரப்பத எண்ணையும் அப்படியே நம்பவேண்டாம். உப்புச் சோதனை பண்ணிடுங்க. பாட்டில் மூடி ஒன்றில் சாதா உப்பு நிரப்பி, நாலைந்து சொட்டுத் தண்ணீர் விடுங்க. ஈர மணல் மாதிரி இருக்கணும், மேலே தண்ணீர் நிற்கக்கூடாது. மூடியையும் மீட்டரையும் காற்றுப்புகாத டப்பாவில் ஒன்றையொன்று தொடாமல் வைத்து மூடி, வெப்பம் மாறாத இடத்தில் 12 மணி நேரம் விடுங்க. திறக்காமல் வெளியிலிருந்தே படிங்க. 25 டிகிரியில் 75 சதவீதம் காட்டணும். 70 காட்டினால் அந்த மீட்டருக்கு எப்போதும் 5 கூட்டிக்கணும், அவ்வளவுதான். உப்பு முழுக்கக் கரைந்து நீராகிவிட்டால் சோதனை செல்லாது. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றுக்கு மேற்பட்ட மானிட்டர் இருந்தால் அறை அறையாகப் பிரிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே மேசையில் 24 மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டுங்க. ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளாமல் "படுக்கையறை காற்று மோசம், கூடம் நல்லது" என்று சொன்னால் அது அறையின் வித்தியாசமா பெட்டியின் வித்தியாசமா என்று யாருக்குத் தெரியும்?

#5 காரைச்சுவர்

நன்றி இருவருக்கும். கார்பன் மோனாக்சைடு பற்றி யாரும் தொடவில்லை, நானே எழுதிவிடுகிறேன்.

இயற்கை இழுப்பில் ஓடும் சாதனம், அதாவது சூடான புகை தானாக மேலே ஏறி வெளியேறும் கேஸ் கீசர், கொதிகலன், அடுப்பு எதுவானாலும் அதற்குப் பின்னிழுப்புச் சோதனை செய்ய வேண்டும். காரணம் இது: பழைய வீட்டில் சந்துபொந்துகள் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தவரை புகைக்குழாய்க்குக் காற்றுக்குறை இல்லை. ஜன்னலை மாற்றி, இடுக்கெல்லாம் அடைத்து, சமையலறையில் சக்தியான எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டிய பிறகு, அந்த ஃபேனுக்குக் காற்று கிடைக்கும் ஒரே திறந்த வழி புகைக்குழாய்தான். புகை கீழே இறங்கும்.

செய்முறை. வெளிக்கதவு, ஜன்னல் எல்லாம் சாத்துங்கள். சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களை முழு வேகத்தில் ஓட விடுங்கள். துணி உலர்த்தும் இயந்திரம் வெளியே காற்று தள்ளுகிற வகை என்றால் அதையும். பிறகு கீசரைப் பற்ற வைத்து 5 நிமிஷம் பொறுங்கள். எரிந்து புகைகிற ஊதுபத்தி ஒன்றை, சாதனத்துக்கு மேலே புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் உள்ள திறந்த கூம்பின் விளிம்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை கூம்புக்குள் இழுபட்டால் சரி. விளிம்பிலேயே தயங்கி நின்றாலோ, உங்கள் கைப்பக்கம் தள்ளப்பட்டாலோ உடனே சாதனத்தை அணைத்து, ஜன்னலைத் திறந்து, சரி செய்யும்வரை பயன்படுத்தாதீர்கள். முதல் ஒரு நிமிஷம் புகை வெளியே வழிவது குழாய் குளிர்ந்திருப்பதால். 5 நிமிஷம் தாண்டியும் வழிந்தால்தான் கோளாறு. கூம்பைச் சுற்றிக் கருப்புப் படிவோ, பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் வளையம் உருகிய தடமோ இருந்தால் அது ஏற்கெனவே பலமுறை நடந்திருக்கிறது.

புகைக்குழாயே இல்லாத கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் எதையும் அளக்க வேண்டாம். எடுத்துவிடுங்கள்.

#6 நீலச்சுடர்

அலாரம் பற்றியும் ஒரு வார்த்தை. "அலாரம் அடிக்கவில்லை, ஆகவே மோனாக்சைடு இல்லை" என்பது தப்பு. ஐரோப்பியத் தரப்படி 50 பிபிஎம் இருந்தால் 60 முதல் 90 நிமிஷத்தில்தான் அலாரம் அடிக்கணும். அமெரிக்கத் தரப்படி 70 பிபிஎம்முக்கு ஒரு மணி முதல் நாலு மணி நேரம் வரை ஆகலாம். உயிர் போகாமல் காக்க வந்த கருவி அது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் 24 மணி நேரச் சராசரிக்கு வைத்த அளவு கனமீட்டருக்கு 4 மில்லிகிராம், அதாவது சுமார் 3.5 பிபிஎம். இதற்கும் அலாரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் பாருங்கள். தலைவலி சந்தேகம் இருந்தால் திரையில் குறைந்த அளவையும் காட்டுகிற, உச்ச அளவை நினைவில் வைக்கிற மீட்டர் வேண்டும்.

சோதனைப் பொத்தானை அழுத்தினால் கூவுவது ஒலிப்பானும் பாட்டரியும் மட்டும். உள்ளே இருக்கும் மின்வேதி சென்சார் செத்திருந்தாலும் கூவும். பின்பக்கம் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். மாடலைப் பொறுத்து 5 முதல் 10 வருஷம்.

#7 மூணாம்மாடி

கேஸ் சாதனமே இல்லாத வீட்டில் மோனாக்சைடு அலாரம் விட்டுவிட்டு அடிக்கக் காரணம் இருக்கிறதா?

#8 நீலச்சுடர்

இன்வெர்ட்டர் பாட்டரி பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். ஈய அமில பாட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். மின்வேதி மோனாக்சைடு சென்சார் அதற்கும் எண் காட்டும். கரண்ட் போய் வந்த பிறகு ஒரு மணி நேரம் எண் ஏறி இறங்கினால் பெரும்பாலும் இதுதான். ஆனால் அலாரம் பொய் என்று சும்மா விடாதீர்கள்: ஒரு பாட்டரி அவ்வளவு ஹைட்ரஜன் விடுகிறது என்றால் அதிகச் சார்ஜ் ஆகிறது, அதுவே தனி ஆபத்து. பக்கத்து வீட்டுப் புகைக்குழாய், கீழ்த்தளத்து வண்டி நிறுத்தம், ஜெனரேட்டர் இவற்றையும் விலக்கிய பிறகுதான் பாட்டரி மேல் பழி போடணும்.

#9 வெண்டிலேட்டர்

காற்று மாறும் வேகத்துக்கு வருகிறேன். பழைய வீட்டின் மேல் ஜன்னலை, அதாவது அசல் வெண்டிலேட்டரை, பலகை வைத்து அடைத்துவிட்டு ஏசி மாட்டும் பழக்கத்தால் இதுதான் பெரிய கோளாறாக இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று போதும்.

அறையில் ஆட்கள் இருந்து அளவு 1500 தாண்டியதும் எல்லாரும் வெளியேறிக் கதவைச் சாத்துங்கள். மீட்டர் தானாகப் பதியட்டும். உதாரணமாக ஒரு மணி நேரத்தில் 1500இலிருந்து 800க்கு இறங்கியது என்றால், 1500ஐ 800ஆல் வகுத்து கால்குலேட்டரில் எல்என் (இயல் மடக்கை) பொத்தானை அழுத்தினால் 0.63. அறைக் காற்று மணிக்கு 0.63 தடவை மாறுகிறது.

ஆள் உட்கார நேரமில்லை என்றால் சமையல் சோடாவும் வினிகரும். 30 கனமீட்டர் அறையில் 1000 பிபிஎம் ஏற்ற சோடா 100 கிராம், 5 சதவீத வினிகர் ஒன்றரை லிட்டர். பெரிய வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், நுரை பொங்கும். ஃபேனை 5 நிமிஷம் ஓட்டிக் கலக்கிவிட்டு நிறுத்துங்கள்.

#10 சென்சார்சித்தன்

செய்முறை சரி அண்ணே, கணக்கு தப்பு. வெளிக்காற்றின் அளவை இரண்டு பக்கமும் கழிக்கணும். அறை எவ்வளவு நேரம் விட்டாலும் பூஜ்யத்துக்கு வராது, வெளியே உள்ள 420க்குத்தான் வரும். 1500 கழித்தல் 420, 1080. 800 கழித்தல் 420, 380. 1080ஐ 380ஆல் வகுத்தால் 2.84, அதன் எல்என் 1.04. அதே அறை உங்கள் கணக்கில் 0.63, சரியான கணக்கில் 1.04.

முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் எடுக்காதீர்கள். 1.04 சரி என்றால் 30ஆவது நிமிஷத்தில் 1060 பக்கம் காட்டியிருக்கணும். 950 காட்டியிருந்தால் முதல் பாதியில் ஏதோ வேகமாக நடந்திருக்கிறது: கதவு திறந்தது, காற்று நன்றாகக் கலக்கவில்லை, அல்லது மீட்டர் கதவிடுக்குக்கு எதிரே இருக்கிறது. வெளிக்காற்றைவிட 150 பிபிஎம்தான் கூடுதல் என்ற நிலைக்கு வந்த பிறகு உள்ள எண்களைத் தள்ளிவிடுங்கள். மீட்டரின் பிழையே 50 இருக்கும்.

வினிகர் முறையில் டிவிஓசி எண் வானத்துக்குப் போகும், பயப்பட வேண்டாம். இசிஓ2 பெட்டியை வைத்து இதைச் செய்தால் சிரிப்புதான் வரும்.

#11 வெண்டிலேட்டர்

ஆமாம், கழிக்க விட்டுவிட்டேன். 420 என்று வைத்துக்கொள்வதைவிட அன்றைக்கு வெளியே வைத்து அளந்த எண்ணையே போடுவது நல்லது.

இன்னொரு பொறி: பக்கத்து அறை. பழைய கதவுக்கு அடியில் ஒரு விரல் இடுக்கு இருக்கும். அறையிலிருந்து போன காற்றுக்குப் பதில் வந்தது வெளிக்காற்றா, கூடத்துக் காற்றா? கூடத்தில் 900 இருந்தால் அறை 900க்குக் கீழே இறங்காது, சிஓ2 குறைவதை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாக வரும். சோதனைக்கு முன் மற்ற அறைகளின் ஜன்னலைத் திறந்து அவற்றை வெளிக்காற்று அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அப்போதும் "இந்த அறையில் காற்று மாறுகிறது" என்று மட்டும்தான் சொல்ல முடியும். அது எந்த வழியாக வந்தது என்பதை ஊதுபத்திப் புகையை இடுக்குகளில் காட்டித்தான் பார்க்கணும். காற்றில்லாத நாளில் ஒன்று, பலமாக வீசும் நாளில் ஒன்று என இரண்டு தடவை செய்யுங்கள். ஓட்டைகள் நிறைந்த வீட்டில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வரும்.

எண்ணை என்ன செய்வது என்றால், மணிக்கு 0.35 என்பது வீடுகளுக்கு நெடுங்காலம் புழங்கிய குறைந்தபட்ச அளவு. 30 கனமீட்டர் படுக்கையறையில் தூங்கும் இரண்டு பெரியவர்கள் ஆளுக்கு மணிக்கு 13 லிட்டர் வெளிவிடுகிறார்கள் என்று வையுங்கள். காற்று 0.35 தடவை மாறினால் எட்டு மணி நேரத்தில் 2700 பக்கம் போகும். 1.0 தடவை மாறினால் 1300இல் நின்றுவிடும். விடியற்காலை எண்ணைப் பார்த்தே மாறும் வேகத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம்.

#12 ஈரமானி

ஓதம். இதற்குத்தான் நிறையப் பேர் தப்பான மருந்து போடுகிறார்கள். கீழிருந்து ஏறுகிற ஈரமா, வெளியிலிருந்து கசிகிற ஈரமா, அறைக் காற்றிலிருந்து சுவரில் படிகிற ஈரமா என்று தெரியாமல் மேலே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பார்கள். ஆறு மாதத்தில் பெயின்ட் பலூன் மாதிரி உப்பும்.

ஃபாயில் சோதனை: சுவரில் ஈரமான இடத்தைத் துணியால் ஒற்றி, ஹேர் டிரையரால் மேற்பரப்பை மட்டும் உலர்த்துங்க. ஓர் அடிக்கு ஓர் அடி அலுமினிய ஃபாயிலை நாலு பக்கமும் விடாமல் டேப் ஒட்டுங்க. 48 மணி நேரம். அறைப்பக்கத்தில் பனித்துளி என்றால் காற்றின் ஈரம். உரித்துப் பார்த்தால் சுவர்ப்பக்கம் நனைந்திருக்கிறது என்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டும் நனைந்திருந்தால் இரண்டும்தான், பழைய வீட்டில் அது அதிசயமில்லை. சுண்ணாம்புக் காரை உதிர்கிற சுவரில் டேப் ஒட்டாது. விளிம்பில் காற்று போனால் சோதனை வீண்.

ஊசி ஈரமானியை வைத்துச் சுவரில் 18, 22 என்று படித்துச் சதவீதம் என்று சொல்லாதீங்க. அந்த அளவுகோல் மரத்துக்கானது. சுவரில் ஒப்பிட மட்டும் பயன்படும். அதிலும் உப்புப் பூத்த சுவர் என்றால் காய்ந்திருந்தாலும் எகிறிக் காட்டும், ஏனென்றால் உப்பு மின்சாரத்தைக் கடத்தும். சாக்பீஸால் 30 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டம் போட்டு ஒவ்வொரு புள்ளியிலும் எண்ணை எழுதிப் படம் எடுங்க. தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை அதிகமாக இருந்து மேலே போகப் போகக் குறைந்தால் கீழோதம். ஒரு புள்ளியை மையமாக வைத்து வட்டமாகப் பரவினால் குழாய்க் கசிவு. மேலே அதிகம், கீழே குறைவு என்றால் மொட்டைமாடியைப் பாருங்க. மழைக்கு முன்னும் பின்னும் அதே கட்டத்தில் மறுபடி எடுத்தால் சந்தேகமே இருக்காது.

#13 பரண்பூனை

பூஞ்சைக்குத் தட்டு வைத்துப் பார்க்கும் கிட் வாங்கலாமா? மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் வைத்தால் வளரும் என்கிறார்களே.

#14 ஈரமானி

வளரும். எந்த வீட்டில் வைத்தாலும் வளரும், தோட்டத்தில் வைத்தாலும் வளரும். பூஞ்சை வித்து எல்லாக் காற்றிலும் இருக்கு. தட்டில் விழுந்தது எவ்வளவு காற்றிலிருந்து வந்தது என்று தெரியாததால் எண்ணிக்கைக்கு அர்த்தம் கிடையாது. கனமான வித்து விழும், லேசானது மிதந்துகொண்டே போகும். கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சை இருந்தால் சோதனையே தேவையில்லை. அந்தக் காசை ஈரத்தை நிறுத்தச் செலவழிங்க.

தெரியாத இடத்தில் இருக்குமோ என்றால் மேற்பரப்பு வெப்பத்தைப் பாருங்க. வெளிச்சுவரை ஒட்டி வைத்த அலமாரிக்குப் பின்னால், மூலைகளில், ஏசி காற்று நேராக அடிக்கும் சுவரில் அகச்சிவப்பு வெப்பமானியால் அளங்க. அறை 25 டிகிரி, ஈரப்பதம் 70 என்று வையுங்க. சுவர் 21 டிகிரி இருந்தால் சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 89 ஆகிடும். அறை மீட்டர் 70 என்று சாதுவாக நிற்கும், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை கொண்டாடும். 80க்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சைக்குப் போதும். பளபளப்பான பெயின்ட், டைல்ஸ், கண்ணாடி மேல் அகச்சிவப்பு வெப்பமானி தப்பாகப் படிக்கும். மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் படிங்க.

#15 சென்சார்சித்தன்

பின்னால் சொல்கிறேன் என்ற விஷயம். பழைய வீட்டில் காரை கொத்துகிறார்கள், தரையை உரசுகிறார்கள், கூடம் முழுக்க வெள்ளைப் புழுதி. மானிட்டர் 20 மைக்ரோகிராம் காட்டிப் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும். கொத்துவேலைப் புழுதியில் பெரும்பங்கு பெரிய துகள். லேசர் பெட்டிக்கு அது தெரியாது. மறுகோடியில், எரிவாயு அடுப்பு விடும் 0.3 மைக்ரானுக்குக் கீழான துகளும் அதற்குத் தெரியாது. பார்ப்பது நடுவில் உள்ள ஒரு கீற்றை மட்டும். அடுப்பு விடும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் இது உதவாது; அதற்கு ஆய்வகம் தரும் உறிஞ்சு குழாயை இரண்டு முதல் நாலு வாரம் தொங்கவிட்டு அனுப்பணும்.

ஆகவே துகள் அளவீட்டை வைத்துக் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு: வெளிக்காற்று எவ்வளவு உள்ளே நுழைகிறது, சமைத்த பிறகு எவ்வளவு நேரத்தில் தணிகிறது. உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்து, யாரும் சமைக்காத, பெருக்காத நடு இரவில் இரண்டையும் ஒப்பிட்டால் முதல் கேள்விக்கு விடை. சமையல் முடிந்த பின் உச்சத்திலிருந்து பாதியாக எத்தனை நிமிஷம் என்று பார்த்தால் இரண்டாவதுக்கு. எக்ஸாஸ்ட் போட்டு ஒருநாள், போடாமல் ஒருநாள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவு பிஎம் 2.5க்கு 24 மணி நேரத்தில் 15 மைக்ரோகிராம், வருஷச் சராசரி 5. ஒரு நிமிஷ உச்சத்தை 15உடன் ஒப்பிட்டு அலறுவது அர்த்தமில்லாதது.

#16 உப்புத்தாள்

ஈயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன புழுதியில்தான் அது இருக்கிறது. "காற்றில் ஈயம் அளக்கணும்" என்று ஆய்வகத்தைக் கேட்டால் அளந்து தருவார்கள், பெரும்பாலும் ஒன்றும் வராது. ஈயத் தூசி தரையிலும் ஜன்னல் கட்டையிலும் படிந்து, குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகிறது. எடுக்க வேண்டியது துடைப்பு மாதிரி.

30க்கு 30 சென்டிமீட்டர் சட்டம் ஒன்றை அட்டையில் வெட்டித் தரையில் டேப்பால் ஒட்டுங்கள். புதுக் கையுறை. ஆய்வகம் ஒப்புக்கொள்கிற ஈரத் துடைப்பானால் இடம் வலமாக நெளிநெளியாகத் துடைத்து, அழுக்குப் பக்கத்தை உள்ளே மடித்து, மேலிருந்து கீழாக இன்னொரு தடவை. மறுபடி மடித்துக் குழாயில் போட்டு மூடுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறை மாறணும். துடைக்காத வெறும் துடைப்பான் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். துடைப்பானிலோ உங்கள் கையிலோ ஈயம் இருந்தால் அதில் தெரிந்துவிடும். பெயின்ட் பூசிய ஜன்னல் திறந்து மூடும்போது உரசுகிற தவாளிப்பில் கட்டாயம் ஒன்று எடுங்கள். வீட்டிலேயே மிக மோசமான எண் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

நிறம் மாறும் குச்சிச் சோதனை மரம், இரும்பு மேல் பரவாயில்லை. எல்லா அடுக்கும் தெரியும்படி கத்தியால் சாய்வாக வெட்டிவிட்டுத் தேயுங்கள்; மேல் அடுக்கில் மட்டும் தேய்த்தால் அடியிலிருப்பது தெரியாது. ஜிப்சம் கலந்த பூச்சின் மேல் அந்தக் குச்சியை நம்பாதீர்கள். சிவப்புப் பெயின்ட் மேலும் குழப்பும்: நிறம் ஈயத்தினாலா பெயின்ட் கரைந்ததாலா என்று தெரியாது.

முடிவு வரும்வரை உலர் உப்புத்தாள், ஊதுவிளக்கு இரண்டையும் தொடாதீர்கள். தேய்த்தே ஆகணும் என்றால் நனைத்துத் தேயுங்கள்.

#17 பரண்பூனை

பரணுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். விரிசல் இல்லை. காற்றுச் சோதனை செய்யணுமா?

#18 உப்புத்தாள்

வேண்டாம். முழுசாக, உதிராமல் இருக்கும் சிமென்ட் ஷீட் சும்மா இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் நார்களை வெளியே விடுவதில்லை. துளைத்தால், அறுத்தால், பிரஷ் போட்டுத் தேய்த்தால் விடும். காற்று மாதிரி அன்றைக்கு, அந்த மணி நேரத்தில் நார் பறந்ததா என்று மட்டும் சொல்லும்; ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதற்குச் சிறு துண்டு எடுத்து ஆய்வகத்தில் துருவமுனைவு நுண்ணோக்கியில் பார்க்கணும். ஷீட்டை விட ஆபத்தானது பழைய சூடான குழாய்களைச் சுற்றிய மாவு மாதிரியான பூச்சு. அது உதிர்ந்துகொண்டிருந்தால் பெருக்கவோ சாதாரண வேக்யூம் போடவோ கூடாது. அறையைச் சாத்திவிட்டு அதற்கென்றே பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள். துண்டெடுக்கும் வேலையும் அவருடையதாக இருப்பதே நல்லது.

#19 காரைச்சுவர்

ரேடான் சுருக்கமாக. தரை மண்ணிலிருந்து வருவது, ஆகவே தரைத்தளம், நிலவறை இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. குறுகிய காலச் சோதனைக்கு ரேடானை உறிஞ்சும் கரி டப்பா, 2 முதல் 4 நாள். வைப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே வெளிக்கதவு ஜன்னல்கள் சாத்தியிருக்கணும், போக வர மட்டும் திறக்கலாம். டப்பா மக்கள் புழங்கும் மிகக் கீழ்த்தளத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டருக்கு மேலே, ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. சமையலறை, குளியலறை வேண்டாம். ஃபேன் காற்று படக்கூடாது. மூடியதும் அன்றைக்கே அனுப்புங்கள்; ரேடானின் அரைவாழ்வு 3.8 நாள், மேசையில் ஒரு வாரம் கிடந்தால் டப்பாவில் முக்கால்வாசி போய்விடும்.

எப்போதும் ஜன்னல் திறந்தே இருக்கும் வீட்டில் நாலு நாள் சாத்திவைத்து எடுத்த எண் உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லாது. ஈரமான காலநிலையில் கரி நீராவியையும் உறிஞ்சிக்கொள்ளும். இவர்களுக்கு மூன்று மாதம் முதல் ஒரு வருஷம் வரை வைக்கும் ஆல்ஃபா தடக் கருவிதான் (ரேடானின் ஆல்ஃபா துகள்கள் பதிக்கும் தடங்களை எண்ணுவது) சரி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது கனமீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்க அலகு). அது முடியாத இடத்தில் 300ஐத் தாண்டக்கூடாது. அமெரிக்க அளவு லிட்டருக்கு 4 பிகோகியூரி, அதாவது 148 பெக்கரல். கருவி எந்த அலகில் காட்டுகிறது என்று பார்த்துவிட்டு மகிழ்ச்சியோ பயமோ படுங்கள்.

#20 மூணாம்மாடி

எல்லாவற்றையும் ஆய்வகத்துக்கே அனுப்பிவிட்டால் என்ன? இவ்வளவு தலைவலி எதற்கு?

#21 சென்சார்சித்தன்

ஆய்வகம் குழாயில் வந்ததை அளக்கும். குழாயை எங்கே, எப்போது, எந்த நிலையில் பிடித்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. ஃபார்மால்டிஹைடையே எடுத்துக்கொள்ளுங்கள். புது எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) அலமாரி உள்ள அறையில், ஜன்னல் திறந்து ஃபேன் ஓடும்போது காலை 8 மணிக்கு எடுத்தால் ஒன்றும் வராது. எட்டு மணி நேரம் சாத்திவைத்து, வெயிலேறிய மதியம் எடுத்தால் பல மடங்கு வரும், ஏனென்றால் வெப்பமும் ஈரமும் ஏற ஏறப் பலகை கூடுதலாக விடும். இரண்டும் உண்மையான எண்தான். உலக சுகாதார நிறுவன அளவு 30 நிமிஷச் சராசரிக்குக் கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதோடு ஒப்பிட மோசமான நிலையில் எடுங்கள், அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் உறையிலேயே எழுதுங்கள். அயனிப் பெட்டி, ஓசோன் பெட்டி ஓடினால் முந்தின நாளே அணைத்துவிடுங்கள். ஃபார்மால்டிஹைடைப் பிடிக்கும் டிஎன்பிஎச் மாதிரிக் குழாயில் ஓசோன் புகுந்தால் ஃபார்மால்டிஹைடு குறைவாக வரும். திறக்காத குழாய் ஒன்றும் கூடவே போய்த் திரும்பணும்.

ஆய்வகம் தரும் விஓசி (ஆவியாகும் வேதிப்பொருள்) பட்டியலில் நாஃப்தலீன் பெரிதாக வந்தால் பெயின்டைச் சந்தேகப்படும் முன் துணி அலமாரியில் அந்துருண்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

#22 வெண்டிலேட்டர்

மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிடுங்கள். சமைத்தது, பெருக்கியது, ஜன்னல் திறந்தது, விருந்தாளி வந்தது, மழை பெய்தது என்று நேரத்தோடு. வரைபடத்தில் ஏறி நிற்கும் ஒவ்வொரு முகட்டுக்கும் நோட்டில் ஒரு வரி இருக்கணும். வரியில்லாத முகடுதான் தேட வேண்டியது. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பதிந்துவிட்டு, அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஃபில்டர் வாங்கி, ஜன்னல் திறந்து, பெயின்டும் அடித்துவிட்டு எது வேலை செய்தது என்று இங்கே வந்து கேட்காதீர்கள்.

#23 பரண்பூனை

மீட்டர் எவ்வளவு உயரத்தில்?

#24 வெண்டிலேட்டர்

கூடத்தில் உட்கார்ந்தால் மூக்கு இருக்கும் உயரம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல். படுக்கையறையில் கட்டில் உயரம், ஆனால் தலையணையிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி. பக்கத்தில் வைத்தால் அறையை விட்டுவிட்டு உங்கள் மூச்சை அளக்கும்.